நாலாவது முகம்

அந்தக் கேமராவை ஜெசிந்தா கேட்கவில்லை. கொடுத்தபோதும் கையில் வாங்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் கோதண்டபாணி அதை மேஜைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் கேமராவைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“என்னோடதுக்கு என்ன சார் கேடு?”

“உன்னோடது பழசு.”

“படம் பழசா வருதா?”

அந்தச் செய்தி இதழின் மற்ற புகைப்படக்காரர்கள் ஏற்கெனவே பெட்டிகளைப் பிரித்து, வாரை மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கேமரா கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த நிரஞ்சன் என்ற இளைஞன் பேச்சு முற்றுவதைப் பார்த்து அருகில் வந்தான்.

“மேடம், பழைய சென்சார் மழைக்கு வச்ச வாளி மாதிரி. எவ்வளவு ரொம்பியிருக்குன்னு மட்டும்தான் சொல்லும். இது ஒவ்வொரு துளியும் எப்ப விழுந்துச்சு, எந்தப் பக்கத்துலேர்ந்து விழுந்துச்சுன்னு குறிச்சு வச்சுக்கும். ஒரு மெழுகுவத்தி இருந்தா போதும். பட்டப்பகல் மாதிரி எடுக்கலாம்.”

“மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுத்தா அது மெழுகுவத்தி வெளிச்சமாத்தான் தெரியணும். பட்டப்பகலா தெரிஞ்சா அது நான் பாத்த எடம் இல்ல.”

நிரஞ்சன் சிரித்தான். கோதண்டபாணி சிரிக்கவில்லை.

“ஜெசி, விஷயம் வெளிச்சம் இல்ல. முத்திரை. இன்னிக்கு யார் வேணும்னாலும் உக்காந்த எடத்துல எந்தப் படத்த வேணும்னாலும் செஞ்சுடறான். போன மாசம் நம்ம போட்ட வெள்ளப் படத்த செஞ்ச படம்னு நாலு பேர் கிளப்பிவிட்டாங்க. நீ இடுப்பளவு தண்ணில நின்னு எடுத்தது. நிரூபிக்க முடிஞ்சுதா உன்னால? இதுல எடுத்தா எடுத்த நொடியே மூலப் பதிவு கம்பெனி பெட்டகத்துக்குப் போயிடும். உண்மைன்னு முத்திரை வரும். முத்திரை இல்லாத படத்த இனிமே முதல் பக்கத்துல போட மாட்டேன்.”

“மூலப் பதிவு அவங்ககிட்ட எதுக்கு?”

“அவங்கதானே முத்திரை குடுக்கறாங்க.”

“நான் எடுக்கற படம், என் கையில இல்லாம இன்னொருத்தன் பெட்டகத்துல.”

“நீ எடுக்கறது பத்திரிகைக்கு. பத்திரிகை கையெழுத்துப் போட்டாச்சு.” அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “பிடிக்கலன்னா கல்யாண வீட்டுல போய் எடு.”

ஜெசிந்தா கேமராவை எடுத்துக்கொண்டாள். அன்று மாலை அவளுடைய பழைய கேமராவை அலுவலகக் காப்பறையில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள்.

அவளிடம் அப்போது ஒரு வேலை பாதியில் இருந்தது. ஒரகடம் பக்கத்தில் மின்னணு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. உள்ளே பெண்கள் ஒரு திரவத்தால் கண்ணாடித் தகடுகளைத் துடைக்கிறார்கள். சில மாதங்களில் விரல்கள் மரத்துப்போகின்றன. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்கள். பேசினால் வேலை போகும். அம்சவேணி என்ற பெண் பல வாரத் தயக்கத்துக்குப் பிறகு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வரச் சம்மதித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாரணவாசிக்குப் போகும் வழியில் ஒரு தையல் பள்ளியின் மாடி அறை. சுண்ணாம்பு அடித்த சுவர், நடுவில் துணி வெட்டும் நீள மேஜை. நான்கு பெண்களும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள்.

“அதெல்லாம் வேணாம்மா. படத்துல கை மட்டும்தான் வரும். மூஞ்சி வராது. இங்க பாருங்க.” ஜெசிந்தா கேமராவின் பின்திரையைத் திருப்பிக் காட்டினாள். மேஜையும் எட்டுக் கைகளும்தான் அதில் தெரிந்தன. “நம்புங்க. யாராலயும் உங்கள அடையாளம் கண்டுபிடிக்க முடியாது.”

அவர்கள் துப்பட்டாவை இறக்கினார்கள்.

அம்சவேணி ரவிக்கைக் கொக்கியைத் தன்னால் மாட்ட முடிவதில்லை என்றாள். செண்பகம் என்பவள் பஸ்ஸில் சில்லறை எடுக்கும்போது விரல் எது, காசு எது என்று தெரியவில்லை என்றாள். ரோஸ்லின் ஊசி ஒன்றை எடுத்துத் தன் விரல் நுனியில் குத்திக் காட்டினாள். முகம் சுளிக்கவில்லை. நாலாவது பெண் ஜன்னலோரம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது உள்ளங்கை முழுவதும் தோல் வெந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“வடசட்டிய எறக்கினேன்க்கா. துணி புடிக்க மறந்துட்டேன். கறி வாசம் வந்தப்பறம்தான் என் கைன்னு தெரிஞ்சது.” பிறகு கேட்காமலே சொன்னாள்: “என் பேரு பொற்கொடி.”

“பேர் சொல்லாதம்மா.”

“உங்களுக்குத்தானேக்கா.”

படமெடுத்து முடித்தபோது அம்சவேணி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது உள்ள ஒரு சின்னத் தகடு இருக்கும்க்கா. நகம் சைசுல. அததான் நாங்க துடைக்கறோம். இந்த மாடலுக்குத்தான் இப்ப டபுள் ஷிஃப்ட்.”

ஜெசிந்தாவின் கையில் கேமரா கனத்தது.

கட்டுரை வெளியானபோது அந்த வரி அதில் இல்லை. ‘கேமரா சென்சார்’ என்று அவள் எழுதிய இடத்தில் எல்லாம் ‘மின்னணு பாகம்’ என்று இருந்தது. கோதண்டபாணியிடம் சண்டை போட்டாள். “படம் போட்டாச்சுல்ல? முதல் பக்கத்துல, முத்திரையோட. வேற என்ன வேணும்?” என்றார் அவர். படம் பரவலாகப் பேசப்பட்டது. எட்டுக் கைகளை ஊரே பார்த்தது. சட்டமன்றத்தில் ஒருவர் அதைத் தூக்கிக் காட்டினார். தொழிற்சாலை நிர்வாகம் பதிலே சொல்லவில்லை. ஆய்வுக்கு அதிகாரிகள் வருவார்கள் என்றார்கள். அதிகாரிகள் வருவதற்குள் அம்சவேணியிடமிருந்து அழைப்பு வந்தது.

“மூஞ்சி வராதுன்னீங்களே.”

“வரலையேம்மா. நீயே பாத்தியே.”

“எங்கள ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்ட்டு கம்ப்யூட்டர்ல காட்டினாங்க. மண்ணுல புடிச்ச பொம்ம மாதிரி மங்கலா. ஆனா நான்தான். என் மூக்கு, என் தாடை. பக்கத்துல செண்பகம். நாங்க உக்காந்த அதே வரிசைல. ‘இது நீதானே’ன்னு கேட்டா என்னான்னு சொல்றது? ஆமான்னு அழுதுட்டேன். மூணு பேருமே ஒத்துக்கிட்டோம். எழுதி வாங்கிட்டு வெளிய தள்ளிட்டாங்க.”

“மூணு பேரா? நாலாவது?”

“நாலாவதா பொற்கொடியப் புடிக்கல. தவமணியக்காவப் புடிச்சிருக்காங்க. எங்க லைன் லீடர். அவங்க வரவே இல்லியே! கம்பெனி ஆளு அவங்க. நாங்க பேசினா மொதல்ல போய் சொல்றதே அவங்கதான்.” அம்சவேணியின் குரல் திடீரென்று தடித்தது. “உங்களுக்கு ஒரு படம் கெடச்சுது. எங்களுக்கு சோறு போச்சு. இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க.”

ஜெசிந்தா நேராகக் கோதண்டபாணியின் அறைக்குப் போனாள். நிரஞ்சனை வரச் சொல்லி, அவன் வந்து சேரும்வரை அங்கிருந்து நகர மறுத்தாள். அவன் வந்ததும் கேமராவை அவன் எதிரில் வைத்தாள்.

“நான் எடுத்தது கை. மூஞ்சி எங்கேர்ந்து வந்துச்சு?”

நிரஞ்சன் ஆசிரியரைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“மேடம், எந்த சென்சாரும் ஃப்ரேமுக்குள்ள இருக்கறத மட்டும் பாக்கறதில்ல. ஒருத்தங்க மூஞ்சில பட்ட வெளிச்சம் சுவத்துக்குப் போகும். சுவத்துலேர்ந்து மேஜைக்கு வரும். மேஜைலேர்ந்து லென்ஸுக்குள்ள வரும். பழைய கேமராவுக்கு அது எல்லாமே ஒண்ணு, வெறும் வெள்ளைச் சுவரு. இதுக்கு எந்தத் துளி நேரா வந்துச்சு, எது ரெண்டு எடத்துல மோதி சுத்திட்டு வந்துச்சுன்னு தெரியும். பின்னாடியே போனா மூஞ்சியோட வடிவத்த எடுக்கலாம். அத ஃபேக்டரி வாசல்ல தினம் பதியற முகங்களோட ஒப்பிட்டிருப்பாங்க.”

“மூலப் பதிவ அவங்களுக்கு யார் குடுத்தது?”

“எங்க சென்சார் அங்கதான் தயாராகுது. கேட்டாங்க. ஒப்பந்தத்துல அனுமதி இருக்கு. தரப் பரிசோதனைக்காகன்னு.”

ஜெசிந்தா கோதண்டபாணி பக்கம் திரும்பினாள். “மேஜைமேல இருக்கற கைய எடுக்கறதுக்கு என் பழைய கேமராவே போதுமா இருந்திருக்கும்.”

“முத்திரை இல்லாம அந்தப் படம் சட்டமன்றம் வரைக்கும் போயிருக்குமா?”

“போயிருக்காது. நாலு பேர் வேலைல இருந்திருப்பாங்க.”

“அப்ப எதுக்கு எடுத்த?” என்று கத்தினார் அவர். “ஊருக்குத் தெரியணும்னுதானே எடுத்த? தெரியணும்னா விலை இருக்கு. தெரியக் கூடாதுன்னா வீட்டுல உக்காரு.”

“விலை குடுத்தது நீங்களா சார்?”

அவர் தொலைபேசியை எடுத்து யாருக்கோ எண்ணைப் போட்டார்.

தவமணி இரண்டு நாள் கழித்து ராயபுரத்தில் ஜெசிந்தாவின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது வாசலில் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். இறுக்கிப் பின்னிய சடை, நீலப் புடவை, காலில் ஷூ. செய்யாறு பக்கத்துப் பேச்சு.

“நீதான் படம் புடிச்சவளா?”

“உள்ள வாங்க.”

“உள்ள வந்து இன்னா செய்யறது? காப்பி குடிக்கவா வந்தேன்?” ஆனாலும் வந்தாள். உட்காரவில்லை. “அந்த ரூம்ல நான் இருந்தனா?”

“இல்ல.”

“அப்ப போய் சொல்லு.”

“சொல்றேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

“நீ இல்லன்னு சொன்னா அவன் அப்ப யாருன்னு கேப்பான். அதயும் சொல்லு.”

ஜெசிந்தா கையிலிருந்த பால் பாக்கெட்டை மேஜைமேல் வைத்தாள்.

“சொல்ல மாட்ட.” தவமணி தலையாட்டினாள். “அவளுக்கு வாக்கு குடுத்துருக்க. எனக்கு இன்னா குடுத்த? நான் உங்கிட்ட வந்து எம்மூஞ்சிய காட்டுனனா? எங்கை மரத்துப் போச்சுன்னு அழுதனா? அந்த ஃபேக்டரி தொறந்த அன்னிக்கு உள்ள போனவ நான். இந்தப் பொண்ணுங்க எல்லாம் எங்கிட்ட வேலை கத்துக்கினதுங்க. இப்ப கம்பெனிக்காரன் என்னத் துரோகின்னு தள்ளிட்டான். பொண்ணுங்க, வேவு பாக்கப் போயி மாட்டிக்கினா பாருன்னு சிரிக்கறாளுங்க. ஊருல எம்பொண்ணு படிக்கிறா. அங்கயும் செய்தி போயிடுச்சு. நான் செய்யாததுக்கு.”

“தப்பு நடந்துடுச்சு. ஆனா அந்தப் பொண்ணுக்கும்...”

“அவ செஞ்சா. நான் செய்யல. இது எந்த ஊரு நாயம்?”

ஜெசிந்தா அதற்கு நியாயம் எதையும் தேடிப் பார்க்கவில்லை. இருக்கிறதாக அவளுக்கே தோன்றவில்லை. “அவ பேர என் வாயால சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

தவமணி மேஜையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். குடிப்பதற்கு என்று ஜெசிந்தா நினைத்தாள். தவமணி அதை அவள் முகத்தில் விசிறினாள்.

“பெரிய மனுசி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

வழக்கறிஞர் அன்வர்தீன் வேலை போன நான்கு பெண்களுக்காகவும் தொழிலாளர் துறையில் மனுப் போட்டிருந்தார். மூன்று பேர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பது அவருக்குப் பெரிய தலைவலி. “தவமணி ஒருத்தங்கதான் இல்லவே இல்லைன்னு உறுதியா நிக்கறாங்க. மெஷின் அவங்க விஷயத்துல தப்புன்னு நிரூபிச்சா மத்த மூணு பேர மிரட்டி எழுதி வாங்கினதா வாதாடலாம். உங்க சாட்சிதான் எனக்கு இருக்கற ஒரே பிடி” என்றார் ஜெசிந்தாவிடம்.

“நாலாவது பேர் கேட்டா சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேண்டாம். மெஷின் பொய்னு மட்டும் காட்டுங்க.”

விசாரணை அறை சிறியது. துணை ஆணையர் ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்பவர். ஒரு பக்கம் தவமணியும் மற்ற மூவரும். எதிர்ப் பக்கம் தொழிற்சாலையின் மனிதவள மேலாளர், அவருடைய வழக்கறிஞர், கணினியோடு நிரஞ்சன். அந்த நாலு முகங்களையும் திரையில் போட்டார்கள். உண்மையிலேயே மண் பொம்மைகள்தான். அம்சவேணி திரையைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள்.

“அந்த அறையில தவமணி இல்ல” என்றாள் ஜெசிந்தா.

“பிறகு யார் இருந்தது?” என்று கேட்டார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

“சொல்ல மாட்டேன்.”

“சொல்ல மாட்டீர்களா, அல்லது அப்படி ஒருவர் இல்லையா?”

ஜெசிந்தா துணை ஆணையரிடம் திரும்பினாள். “மேடம், இங்க இதே கேமராவுல ஒரு படம் எடுக்க அனுமதி வேணும். உங்க மேஜைமேல இருக்கற தண்ணி பாட்டிலத்தான் எடுப்பேன். நீங்க படத்துல வர மாட்டீங்க. அத இவங்க இதே மெஷின்ல போட்டுப் பாக்கட்டும்.”

எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபித்தது. துணை ஆணையர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, “எடுங்க” என்றார்.

ஜெசிந்தா எடுத்தாள். நிரஞ்சன் பதிவை உள்ளே செலுத்தினான். சற்று நேரத்தில் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு முகம் மெல்லத் திரண்டது. அகலமான நெற்றி, கண்ணாடியின் விளிம்பு. அடியில் ஒரு பெயர் வந்தது: குணவதி, பேக்கிங் பிரிவு, இரண்டாம் ஷிஃப்ட்.

யாரோ சிரித்தார்கள். துணை ஆணையர் சிரிக்கவில்லை.

“யார் இந்தக் குணவதி?”

நிரஞ்சன் திரையிலிருந்து திரும்பினான். “மேடம், அது பட்டியல்ல இருக்கறவங்கள்ல ரொம்பப் பொருந்தறவங்களக் காட்டும். பட்டியல்ல இல்லாதவங்க வந்தா... அப்பவும் பட்டியல்லேர்ந்து ஒருத்தரத்தான் காட்டும்.”

“யாரும் பொருந்தலன்னா?”

“பொருந்தலன்னு சொல்லத் தெரியாது மேடம். இப்போதைக்கு.”

“அப்ப எனக்கும் வேலைநீக்க உத்தரவு தயாரா வச்சிருக்கீங்களா?” என்று அவர் மேலாளரைக் கேட்டார். விசாரணையை ஒத்திவைத்து, தவமணியை உடனே திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி நிர்வாகம் யோசிக்கட்டும், மற்ற மூவரின் வாக்குமூலங்களை அடுத்த அமர்வில் பார்க்கலாம் என்றார்.

அன்வர்தீன் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேலாளர் தவமணியைத் தனியே பேச வேண்டும் என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். ஜெசிந்தா வெளியே படிக்கட்டருகே காத்திருந்தாள். நன்றி எதிர்பார்க்கவில்லை, ஆனால் அந்த முகத்தில் ஏதாவது இளகியிருக்கிறதா என்று பார்க்க நினைத்தாள்.

தவமணி வெளியே வந்தபோது அவளைப் பார்த்து நின்றாள்.

“முடிஞ்சுது. எழுதிக் குடுத்துட்டேன்.”

“திங்கட்கிழமை சேரச் சொன்னாங்களா?”

“சேரலாம்னான். வேலை, ஹாஸ்டலு, லைன் லீடரு, எல்லாம் அப்டியேன்னான். ஒண்ணே ஒண்ணு, அந்த நாலாவது பொண்ணு யாருன்னு காட்டணும். நீங்க பாத்தாலே தெரிஞ்சுடும்ல, உங்க லைன்தானேன்னான்.” தவமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். எம்பக்கத்துக் கட்டிலு அவ. அன்னிக்கு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் வெளிய போனா. அந்தக் கையிக்கு மருந்து வச்சதே நான்.”

ஜெசிந்தா கேட்டாள்: “தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து பேர் கேட்டீங்க?”

“நீ சொல்லணும்னு கேட்டேன். நீ சொன்னா சாட்சி. நான் சொன்னா காட்டிக் குடுத்தவ. பாவத்த உன் தலைல போடலாம்னு வந்தேன். நீ வாங்கிக்கல.”

“இப்ப என்ன எழுதிக் குடுத்தீங்க?”

“நான்தான்னு.”

“அக்கா!”

“அக்கான்னு கூப்டாத.” தவமணியின் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் அது அழுகை இல்லை. “மெசினு பொய் சொல்லுதுன்னு எல்லாருக்கும் எதிர்ல ஆயிடுச்சு. அப்பவும் எம்பேச்ச நம்பல அவன். ஆளக் காட்டினாத்தான் உள்ள விடுவானாம். இத்தினி வருசம் அவனுக்காக எத்தினி பொண்ணுங்கள வெரட்டியிருக்கேன், எத்தினி பேர் வாய அடச்சிருக்கேன். நாயிக்கு எலும்பு போடற மாதிரி எவ்வேலையவே எனக்குப் போடறான். எழுதிக்கோ, நான்தான் போனேன், மெசினு சொன்னது சரின்னுட்டேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. அதுக்கப்புறம்தான் சிரிச்சான். ஏன் சிரிச்சான்னு எனக்குப் புரியல.”

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது.

“திரும்பப் போய் மாத்திக் குடுங்க. நீங்க ஒத்துக்கிட்டா மெஷின் நாலு பேர்லயும் சரின்னு ஆயிடும். மூணு பேர் கேஸும் போயிடும்.”

“மாத்தினா அவன் திரும்பத் தேடுவான். காலி எடத்துல யார வைக்கிறதுன்னு பாப்பான். அவ மாசமா இருக்கறா. தெரியுமா உனக்கு? அது உம் படத்துல தெரிஞ்சுதா?” அவள் கீழே இறங்கத் தொடங்கினாள். இரண்டு படி போய்த் திரும்பினாள். “அடுத்த தபா கூப்டுவாங்க உன்ன. நான் இருந்தேன்னு சொல்லு. இல்லன்னு மட்டும் சொன்ன, உன் வீட்டுக்கு வெறுந்தண்ணி ஊத்த வர மாட்டேன்.”

அடுத்த அமர்வில் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஜெசிந்தா எழுந்து நின்றாள். அன்வர்தீன் நம்பிக்கையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் முன்கூட்டிச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.

“அந்த அறையில தவமணி இருந்தாங்க.”

“போன முறை இல்லையென்று சத்தியம் செய்து சொன்னீர்களே?”

“பொய் சொன்னேன்.”

துணை ஆணையர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு தட்டச்சரிடம், “பதிவு பண்ணிக்கோங்க” என்றார். அந்தக் குரலில் இருந்த வெறுப்பை ஜெசிந்தா வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள்.

குணவதி விஷயத்துக்கும் நிர்வாகம் விளக்கம் வைத்திருந்தது: ஊழியர் அல்லாதவரைக் கொண்டு வந்து நிறுத்தினால் எந்தப் பட்டியலும் தவறத்தான் செய்யும், ஊழியர்கள் விஷயத்தில் நாலுக்கு நாலும் சரி, நாலு பேருமே ஒப்புக்கொண்டார்கள். மனு தள்ளுபடியானது. அன்வர்தீன் வராந்தாவில் அவளைக் கடந்து போகும்போது நிற்காமலே, “நாலு குடும்பத்த முடிச்சிட்டீங்க” என்று சொல்லிக்கொண்டு போனார். அம்சவேணி காறித் துப்பினாள். ஜெசிந்தாவின் செருப்பருகே விழுந்தது. தவமணி யாருடனும் சேராமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துபோனாள்.

அந்த வாரமே பொய்ச்சாட்சி சொன்னதற்காக ஜெசிந்தாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கோதண்டபாணி அவளுடைய பழைய கேமராவைக் காப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “உனக்கு இதுதான் சரி” என்றார். அவளை நீக்கிய பிறகு வந்த இதழின் பின்னட்டையில் கேமரா கம்பெனியின் விளம்பரம் வந்தது. கைகளின் படம் இல்லை, பெண்களின் பெயர்கள் இல்லை. சட்டப்படி நிரூபிக்கப்பட்ட துல்லியம் என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு காவல்துறையும், பள்ளிகளும், பெரிய கடைகளும் அந்தச் சென்சாரை வாங்கத் தொடங்கின. ஒரகடத்தில் மூன்றாவது ஷிஃப்ட் போட்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் சொன்னபடி பெண்களுக்குக் கையுறை தந்தார்கள். கையுறையோடு அவ்வளவு சின்னத் தகட்டைத் துடைக்க முடியாது என்பதால் வேலை நேரத்தில் கழற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஜெசிந்தா ரேஷன் கடைக்கும் பள்ளிகளுக்கும் அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மதியம், பள்ளிக்கூட வராந்தாவில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“அக்கா, நான் பொற்கொடி.”

“ஏம்மா இந்த நம்பருக்குப் பண்ற? வேலைல இருக்கியா?”

“சாப்பாட்டு நேரம்க்கா. நான் போய் சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட? என்னன்னு?”

“ஹெச்.ஆர். சார்கிட்டக்கா. தவமணியக்கா பொண்ணு படிப்ப நிறுத்திட்டாளாம். கேட்டதுலேர்ந்து சாப்பாடு எறங்கல. அந்த ரூம்ல இருந்தது நான்தான் சார், அந்தக்கா வரவே இல்ல, என்ன அனுப்பிட்டு அவங்கள எடுத்துக்கங்கன்னு சொன்னேன்.”

“ஏன்டி இப்டி பண்ணின!” அவளையறியாமல் கத்திவிட்டாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். “அதுக்கு அவரு என்ன சொன்னாரு? வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா?”

“இல்லக்கா. சிரிச்சாரு. லீவு எதுனா வேணுமாம்மான்னாரு. இல்ல சார், சத்தியமா நான்தான்னேன். எந்திரிச்சுப் போய் கதவச் சாத்தினாரு. ‘நீ அங்க இல்ல. யாரு இருந்தாங்கன்னு மெஷின் சொல்லியாச்சு, அவங்களும் ஒத்துக்கிட்டாச்சு, படம் எடுத்த பொம்பளையே ஒத்துக்கிட்டாச்சு. அத வச்சு எத்தன நாட்டுக்கு சரக்கு போயிருக்கு தெரியுமா? இனிமே இத வெளிய பேசின, பைத்தியம்னு எழுதி ஊருக்கு அனுப்பிடுவேன்’னாரு. அப்புறம் லைனுக்குப் போகச் சொல்லிட்டாரு.”

ஜெசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். பொற்கொடி பிடிபடவில்லை. இனி எப்போதும் பிடிபடமாட்டாள். இதற்காகத்தானே எல்லோரும் எல்லாவற்றையும் இழந்தது என்று சொல்ல வாயெடுத்தாள்.

“அக்கா, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

மறுமுனையில் வேலை தொடங்கும் மணி அடித்தது. பொற்கொடி அவசரமாக, ஆனால் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போலக் கேட்டாள்:

“அப்ப அன்னிக்கு நான் எங்கக்கா இருந்தேன்?”